குலை போகும் வழி, கணக்கு போகும் வழி

சிரம்பானிலிருந்து ரந்தாவ் சாலையைப் பிடித்து இறங்கினால், புது வீட்டுமனைகள் ஓய்ந்த இடத்தில் செம்பனை தொடங்குகிறது. இருபுறமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் வந்தவர்கள் பார்த்தது கித்தாக் காடு. அதற்கும் முன்னால், சுங்கை ஊஜோங் என்று வழங்கிய இந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி போட்டுப் பார்த்தார்கள். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் ஈயம், பிறகு ரப்பர் என்று அந்த வண்டிகள் கடலுக்குச் சரக்கு இறக்கின. பயிர் மாறியது, கம்பெனி மாறியது, நாடே கைமாறியது. தோட்டத்தில் தொடர்ந்து இருந்து வந்தது கணக்குப் புத்தகம்.

அந்தப் புத்தகம் இன்று பல மென்பொருள்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஆள் வருகைக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, உரமும் மருந்தும் வைக்கும் ஸ்டோருக்கு ஒன்று, ஆலையின் எடைமேடைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்தின் பொதுக் கணக்குக்கு எஸ்ஏபி போன்ற பெரிய ஒன்று. போதாததற்குச் சேமநிதி வாரியம், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், வருமான வரி வாரியம், செம்பனை எண்ணெய் வாரியம் என்று அரசாங்கத்தின் தளங்கள் வேறு. இவை ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொண்டால் யாருக்கு லாபம், பேசாமல் போனால் யார் தலையில் விழுகிறது என்பதைத் தோட்டத்துக்கே போய்ப் பார்க்க நினைத்தேன். ஒரு குலை மரத்திலிருந்து ஆலைக்குப் போகும் வழியும் அதன் கணக்கு போகும் வழியும்தான் என் பயணத்தின் தடம்.

ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில், காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றேன். இந்தப் பக்கம் சூரியன் ஏழு மணிக்குத்தான் தலைகாட்டும். அலுவலகத்தின் முன் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வெட்டுக்காரர்களில் பெரும்பாலோர் லொம்போக் தீவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை மேற்பார்க்கும் மண்டோர் தமிழர், ஐம்பதைக் கடந்தவர். அவர் கையில் தடித்த ரப்பர் உறை போட்ட கைப்பேசி. ஒவ்வொருவரும் தன் அட்டையை அதன் முதுகில் வைத்து எடுக்க, ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரையில் அவர் படமும் எண்ணும் வந்தன. சற்று நேரத்தில் பேர் எடுத்து முடிந்துவிட்டது.

“எங்கப்பா காலத்துல கிராணி விளக்கப் பிடிச்சிக்கிட்டுப் பேர் கூப்பிடுவாரு தம்பி. கூப்பிட்டப்ப ஆள் இல்லேன்னா அன்னைக்குப் பேர் விழாது. பேர் விழலேன்னா சம்பளம் ஏது?” என்றார் மண்டோர்.

செக்ரோல் என்ற அந்தப் பெரிய புத்தகம் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நெடுக்கில் ஆட்களின் பெயர், குறுக்கில் மாதத்தின் நாட்கள், கடைசியில் கூட்டுத்தொகை, பிடித்தம், மீதி. கங்காணி கப்பலேற்றிக் கூட்டி வந்த காலத்திலேயே அது இருந்தது. கங்காணி முறை 1938இல் நின்ற பிறகும் புத்தகம் நின்றது. அதை எழுதிய கிராணிமாரில் பலர் ஆங்கிலம் படித்த மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும். யாருடைய உழைப்பு அதில் எழுதப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தன் பேரில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்பதைச் சம்பளத்தன்று கையில் விழும் காசை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அந்தக் கணக்கை எதிர்த்துக் கேட்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி. பி. நாராயணன், 1954இல் மாநிலச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதை முன்னின்று நடத்தினார். கூலி எவ்வளவு என்பதோடு, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது.

பெயர் எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தோட்டங்களின் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1942, 1943இல் போடப்பட்ட சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பட்டியல் இருந்தது, கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான் உண்டு. ஒரு மனிதரின் பெயர் ஒரு பதிவேட்டில் சரியாக இருப்பதை அலுவலக வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

பெரட்டு முடிந்து டிராக்டரின் பின்னால் காட்டுக்குள் போனோம். அந்தப் பகுதி மரங்கள் உயரமானவை. நீண்ட அலுமினியக் கழியின் முனையில் அரிவாள். வெட்டுக்காரர் முதலில் தரையைப் பார்க்கிறார். உதிர்ந்த பழம் கிடந்தால்தான் மேலே குலை பழுத்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு தாங்கி நிற்கும் மட்டையை இழுத்து வெட்டுகிறார், அடுத்த இழுப்பில் குலை தொம்மென்று விழுகிறது. காம்பைக் குட்டையாக நறுக்கி, வெட்டிய முகத்தில் தன் எண்ணை எழுதுகிறார். நான் குனிந்து பார்த்த காம்பில் 27 என்றிருந்தது. ஈரமான வெள்ளைச் சதையில் நீல மை சற்றே பரவியிருந்தது. அந்த எண்தான் அவர் கூலி. மழை வந்து மை கரைந்தாலும், குலை குப்புற விழுந்து எண் மண்ணில் புதைந்தாலும், அந்தக் குலை யாருடையது என்று மண்டோர் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

குலைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சாலையோரம் அடுக்குகிறார்கள். உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறார்கள். மண்டோர் அடுக்கடுக்காக நடந்து கைப்பேசியில் தட்டுகிறார்: ஆள் எண், காட்டு எண் (தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு காடு), பழுத்தது இத்தனை, பச்சை இத்தனை, நீளக்காம்பு இத்தனை. அங்கே சிக்னல் கிடையாது. கைப்பேசி எல்லாவற்றையும் தன்னுள் வைத்துக்கொண்டு, மாலையில் அலுவலக வைஃபை கிடைத்ததும் ஒரே மூச்சில் அனுப்புகிறது.

இந்த இடத்தில்தான் முதல் கவனம் வேண்டும். அனுப்பும்போது பாதியில் தொடர்பு அறுந்தால் கைப்பேசி மறுபடி அனுப்பும். வாங்கும் பக்கம், ‘இது ஏற்கெனவே வந்தது’ என்று அடையாளம் காணாவிட்டால் ஒரே குலை இரண்டு தடவை ஏறும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் அது பிறக்கும்போதே ஒரு தனி எண் கொடுக்க வேண்டும். எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு தடவைதான் ஏற வேண்டும். இணைப்பு வேலை செய்பவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் சிக்னல் இல்லாத காட்டில் அந்த அரிச்சுவடியைத் தவறவிட்டால், சரிசெய்ய யாரோ ஒருவர் கையால் கழிக்க வேண்டிவரும். கழிக்கும் கை தப்பினால் வெட்டுக்காரரின் கூலி குறையும்.

அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர் ஓர் இளம்பெண். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வெளியே போய்க் கணக்கியல் முடித்துத் திரும்பியவர். அவர் சேர்ந்த புதிதில் வேலை எப்படி நடந்தது என்பதைச் சொன்னார். மண்டோரின் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துச் செக்ரோலில் ஏற்றுவது ஒன்று, அதைப் பார்த்துச் சம்பள மென்பொருளில் தட்டுவது இரண்டு, அதிலிருந்து சேமநிதிக்குத் தனிப் பட்டியல், சொக்சோவுக்குத் தனி, வங்கிக்குத் தனி, தலைமை அலுவலகத்துக்கு விளைச்சல் அறிக்கை தனி. ஒரே எண்ணை ஆறு இடத்தில் கையால் எழுத வேண்டும். “ஆறாவது தடவ தட்டுறப்ப 27 எப்ப 72 ஆச்சுன்னு நமக்கே தெரியாது சார்,” என்றார்.

இப்போது அந்த ஆறில் ஐந்தை மென்பொருளே செய்கிறது. வழிகள் மூன்று. மிகப் பழைய வழி, ஒரு மென்பொருள் இரவில் ஒரு கோப்பை எழுதி வைக்க, இன்னொன்று காலையில் அதை எடுத்துப் படிப்பது. இரண்டாவது, ஏபிஐ என்னும் வாசல் வழியாக ஒன்று கேட்க மற்றொன்று உடனே பதில் சொல்வது. மூன்றாவது, நடுவில் ஓர் இணைப்புத் தளத்தை வைத்து எல்லாரும் அதனிடம் மட்டும் பேசுவது. ஐந்து மென்பொருள்களை ஒவ்வொன்றாக மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் பத்து இணைப்புகளைக் கட்டிக் காக்க வேண்டும். நடுவில் ஒன்று இருந்தால் ஐந்து போதும். பெரிய கம்பெனிகள் மூன்றாவது வழிக்குப் போகின்றன. சிறிய தோட்டங்கள் பலவற்றுக்குக் கோப்பு வழியே போதும், செலவும் குறைவு. எந்த வழியானாலும் வேலை கடினமாவது கம்பியில் அல்ல, பெயரில்.

அந்தப் பெண் திரையில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். ஒரே காட்டுக்கு ஆலையின் கணக்கில் ‘4பி’ என்றும் தோட்டத்தின் கணக்கில் ‘04பி’ என்றும் எண். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு காடு. பல நாள் விளைச்சல் இப்படி அநாதையாகக் கிடந்து, பிறகு கையால் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆட்களின் பெயர் இன்னும் சிக்கல். முனியம்மா என்ற ஒரே பெயரைக் கிராணிமார் ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று. தமிழர் பெயரின் நடுவில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க மலேசியாவில் இடப்படும் சாய்கோட்டை ஒரு மென்பொருள் ஏற்கும், இன்னொன்று விழுங்கும், மற்றொன்று அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு தகப்பன் பெயரை விட்டுவிடும்.

குடிமக்களுக்கு அடையாள அட்டையின் 12 இலக்க எண் இருப்பதால் பெயரை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கடப்பிதழ் எண்தான். கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், பழைய எண்ணில் கட்டிய பணத்தோடு புதிய எண்ணைச் சேர்க்க யாராவது கவனம் எடுக்க வேண்டும். இது சின்ன விஷயமல்ல. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் சேமநிதி கட்டாயம், தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. 1951இல் சட்டமான சேமநிதி உலகின் மிகப் பழைய சேமநிதிகளில் ஒன்று. தோட்டத்தில் ஓய்வு பெற்று லயத்தை விட்டு வெளியேறிய நம் பாட்டன் பாட்டிமார் பலருக்குக் கடைசியில் கையில் இருந்தது அந்தப் பணம்தான். பெயர்ப் பொருத்தம் தவறி, கட்டிய பணத்துக்கு உரிமை நிரூபிக்க அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். அந்த அலைச்சல் இன்னொரு தலைமுறைக்கு, இன்னொரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, வரக்கூடாது.

பகல் சாய்வதற்குள் குலை ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். செம்பனைப் பழம் வெட்டிய நேரத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும், ஏறினால் விலை இறங்கும். 24 மணி நேரத்துக்குள் நீராவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பது ஆலைக்காரர்களின் கணக்கு. லாரியோடு நானும் போர்ட்டிக்சன் பக்கத்து ஆலை ஒன்றுக்குப் போனேன். வாசலிலேயே எடைமேடை. லாரி மெதுவாக ஏறி நிற்கிறது. கண்ணாடிச் சன்னலுக்குள் சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கின்றன. அந்த எண்ணை யாரும் தட்டுவதில்லை. தராசிலிருந்து கம்பி வழியாக நேரே கணினிக்குப் போகிறது. உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் லாரி மறுபடி ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பழத்தின் எடை. சீட்டு ஒன்று அச்சாகி வெளியே வருகிறது: சீட்டு எண், லாரி எண், தோட்டம், காடு, வந்த நேரம், போன நேரம், எடை.

ரேம்ப் எனப்படும் சரிவுமேடையில் கொட்டிய குலைகளைத் தரம் பார்ப்பவர் கொக்கியால் புரட்டிப் பார்க்கிறார். பச்சை, அரைப்பழம், முழுப்பழம், அழுகல், வெற்றுக்குலை. இங்கிருந்து குலை நீராவிக் கொப்பரைக்கும், அங்கிருந்து உதிர்க்கும் உருளைக்கும், பிழியும் எந்திரத்துக்கும் போகிறது. நூறு கிலோ பழத்தில் ஏறக்குறைய இருபது கிலோ எண்ணெய் கிடைக்கிறது. ஆலை முழுக்க வெந்த பழத்தின் இனிப்பு கலந்த கனத்த வாசம். ஆனால் என் கண் அந்தச் சீட்டில்தான் இருந்தது. குலை எண்ணெயாகிக் கரைந்துவிடும். அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லப் பிறகு மிஞ்சுவது அந்தச் சீட்டு எண் ஒன்றுதான். தோட்டத்துக் கணக்கும் ஆலைக் கணக்கும் தலைமை அலுவலகக் கணக்கும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன.

இந்தச் சீட்டுக்கும் காம்பில் எழுதிய 27க்கும் உள்ள தொடர்பை மண்டோர் எனக்கு விளக்கியபோதுதான், நான் தேடி வந்தது கிடைத்தது. காட்டில் குலையை எண்ணுகிறார்கள், எடை போடுவதில்லை. ஆலையில் எடை போடுகிறார்கள், ஆனால் யார் வெட்டியது என்று பார்ப்பதில்லை. டன் கணக்கில் கூலி தரும் தோட்டத்தில், ஆலை சொன்ன எடையைக் குலை எண்ணிக்கையால் வகுத்து ஒரு குலையின் சராசரி எடையைப் பிடிக்கிறார்கள். அதை ஒவ்வொருவர் வெட்டிய குலையோடு பெருக்கினால் அவருடைய டன் கணக்கு. ஒருவர் 120 குலை வெட்டினார் என்று வையுங்கள். சராசரி 18 கிலோ என்றால் அவருக்கு 2,160 கிலோ. 17 என்றால் 2,040. ஒரு கிலோ சராசரியில் ஒரு நாளைக்கு 120 கிலோ போய்விடுகிறது. மரம் இளையதா முதியதா, மழைக்காலமா வறட்சியா என்பதைப் பொறுத்துச் சராசரி மாறும். காட்டுக்குக் காடு மாறும்.

ஆலைக் கணக்கும் தோட்டக் கணக்கும் இணையாத இடத்தில் போன மாதச் சராசரியை, சில இடங்களில் எப்போதோ போட்ட சராசரியை வைத்தே கூலி போட வேண்டியிருக்கும். இரண்டும் இணைந்த இடத்தில் அந்தந்தக் காட்டின் அன்றாட எடை அன்றைக்கே திரும்பி வருகிறது. வேறொரு நன்மையும் உண்டு. சராசரி திடீரென்று விழுந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள்: பச்சையாக வெட்டியிருக்கலாம், எண்ணிக்கை கூடப் போயிருக்கலாம், வழியில் பழம் இறங்கியிருக்கலாம். ஒரு கணக்கு இன்னொன்றைச் சோதிக்கிறது. இரண்டு மென்பொருள்களை இணைப்பதன் முழுப் பயன் எனக்குத் தெரிந்து இதுதான். வேகம் இரண்டாம்பட்சம்.

மறுநாள் சிரம்பானிலிருந்து கிழக்கே திரும்பி, புக்கிட் பூத்துஸ் மலை ஏறி இறங்கி, கோலப்பிலா வழியாகப் பகாவுக்குப் போனேன். மலைக்கு இந்தப் பக்கம் மினாங்கபாவ் கூரை வைத்த வீடுகள், வயல்கள், அதைத் தாண்டினால் ஜெம்போல் மாவட்டம் முழுக்க மறுபடி செம்பனை. பெரிய கம்பெனித் தோட்டங்கள், 1956இல் தொடங்கிய அரசாங்க நிலக் குடியேற்ற அமைப்பான பெல்டாவின் பாலோங், செர்த்திங் குடியேற்றங்கள், அவற்றுக்கிடையே சொந்த நிலத்தில் சில ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் என்று எல்லா வகையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

கம்பெனித் தோட்டங்களுக்கு இணைப்பின் தேவை முதலில் மேலிருந்து வந்தது. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒரே குழுமமாயின. அதன் தோட்டப் பிரிவு 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. மூன்று கம்பெனிகள் ஒன்றானால், ஒரே உரத்துக்கு மூன்று பெயரும் ஒரே வேலைக்கு மூன்று குறியீடும் வந்து சேரும். கையெழுத்து ஒரு நாளில் முடியும், கணக்குகள் ஒன்றாக ஆண்டுகள் ஆகும்.

பிறகு அழுத்தம் வெளியிலிருந்தும் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து எம்எஸ்பிஓ எனப்படும் மலேசிய நிலைத்தன்மைச் சான்று கட்டாயமானது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு இருப்பதாகச் சொல்லி, சைம் டார்பி தோட்டக் கம்பெனியின் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டது. சீர்திருத்தங்களுக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. தோட்டத்துத் தொழிலாளியின் சம்பளமும் கடப்பிதழும் எப்படிக் கையாளப்பட்டன என்பது அமெரிக்கத் துறைமுகத்தில் கேள்வியாகும் காலம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தின் பொருள் உள்ளே வரக்கூடாது என்கிறது. விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும் கேள்வி போகவில்லை. உள்நாட்டிலோ, 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகிவருகிறது. பழம் விற்றதற்கான பட்டியல் அரசாங்கத் தளத்தில் சரிபார்க்கப்பட்டுத்தான் செல்லுபடியாகும்.

பகாவுக்கு வெளியே ஒரு வாங்குமேடையில் சிறுதோட்டக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். தோட்டத்தில் பால் வெட்டிய தகப்பனார் சேர்த்துவைத்து வாங்கிய நிலம். பழம் விற்கச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வைத்திருக்கிறார். அவருடைய நிலத்தின் எல்லை, உரிம எண், அடையாள எண் எல்லாம் வாங்குபவரிடம் இருக்கின்றன. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டுகளை எடுத்துக் காட்டினார். எடை இருந்தது, விலை இருந்தது, தரக் கழிவு என்று ஒரு விழுக்காடும் இருந்தது. எந்தக் குலைக்கு ஏன் கழித்தார்கள் என்பது அதில் இல்லை.

“என்கிட்ட இருந்து போறது எல்லாம் போயிடுது தம்பி. எனக்கு வர்றது இந்தச் சீட்டு மட்டுந்தான்,” என்றார்.

அவர் சொன்னதே நான் பார்த்த எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது. காட்டிலிருந்து அலுவலகத்துக்கு, அலுவலகத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கோலாலம்பூருக்கு, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு என்று தகவல் ஏறும் வழியெல்லாம் நன்றாகப் போட்டிருக்கிறார்கள். இறங்கும் வழி ஒற்றையடிப் பாதையாக இருக்கிறது. ரந்தாவ் பக்கத்து மண்டோரிடம், 27ஆம் எண்காரர் தன் கணக்கைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு கிடைக்கும் என்றார். அதில் மாத மொத்தம் இருக்கும், நாள்வாரியாக இருக்காது. நாள்வாரிக் கணக்கு கம்பெனியின் கணினியில் முழுமையாக இருக்கிறது. அதை அவருக்குக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவர் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று தொழிலாளிகளைக் கேட்டார். அவர்கள் கட்டினார்கள், தோட்டங்கள் வாங்கப்பட்டன. படிப்பறிவு குறைவு என்று சொல்லப்பட்ட மக்கள், தங்கள் காசு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் நிலமே வாங்கினார்கள். கணக்கு புரியாதவர்கள் என்று தொழிலாளியை ஒதுக்கிவைப்பவர்கள் இந்த வரலாற்றை நினைக்க வேண்டும்.

சட்டமும் தொழிலாளி பக்கம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பார்க்கவும் தவறானதைத் திருத்தவும் உரிமை தருகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் அந்த வரம்பு உண்டு. வரம்பை எட்டினாரா இல்லையா என்பதை நாள் கணக்கு சரியாக இருந்தால்தான் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. ஆலையோடு பேசும் அதே இணைப்புத் தளம், ஒவ்வொரு மாலையும் வெட்டுக்காரரின் கைப்பேசிக்கு நாலு வரி அனுப்பலாம்: இன்றைய காடு, எண்ணிய குலை, கழித்தது எத்தனை, காரணம் என்ன. இந்தோனேசிய மொழியிலோ வங்காளியிலோ தமிழிலோ, அவர் படிக்கும் மொழியில். கைப்பேசி இல்லாதவருக்கு மறுநாள் பெரட்டில் படித்துக் காட்டலாம். தவறு என்று அவர் சொன்னால், சம்பளக் கணக்கு மூடுவதற்கு முன் அதைத் திறந்து பார்க்கச் சில நாள் அவகாசம் வேண்டும். திருத்தியது யார், எப்போது என்ற தடம் இருக்க வேண்டும். தோட்டத்தின் ஆள் எண் அவர் வேலையில் இருக்கும்வரை மாறக்கூடாது, புதிய கடப்பிதழ் அதன்கீழ் வந்து சேர வேண்டும். சிறுதோட்டக்காரரின் சீட்டில் கழிவின் காரணமும் அச்சாக வேண்டும். இவற்றுக்கு வேண்டிய தகவல் ஒவ்வொன்றும் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது.

தோட்டங்களுக்குப் புதிய மென்பொருள் விற்க வருபவர்கள் மேலாளரின் அறையில் வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டுவார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் துரைமாரிலும் கிராணிமாரிலும் இன்று நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். லயத்தில் வளர்ந்து, செக்ரோலில் தாத்தாவின் பெயர் தப்பாக எழுதப்பட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். வாங்குவதற்கு முன் அவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: காம்பில் எண் எழுதியவருக்கு இதிலிருந்து என்ன திரும்பிப் போகும், எத்தனை மணி நேரத்தில்? பதில் சொல்லத் தெரியாத மென்பொருளுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.